க்யூஜிஐஎஸ்: நீலகிரிச் சரிவுகளில் வைத்துப் பார்த்தபோது

நீலகிரியின் நிலப் பயன்பாட்டைத் திட்டமிட விலையில்லா வரைபட மென்பொருள் ஒன்று போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: க்யூஜிஐஎஸ் போதும், அதில் வழக்கமாக ஏற்றப்படும் இலவச உயரத் தரவு (நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் எண்கள்) போதாது.

2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. சாய்வு, மழையளவு, மண்ணின் ஆழம், ஓடையிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டினால், எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் வரைபடம் கிடைக்கும். இதன் உண்மையான பலம் மாடல் டிசைனர் என்னும் வசதி. கணக்கின் படிகளை அதில் வரிசையாகக் கோத்து வைத்துவிட்டால், சாய்வுக்கு ஏன் இத்தனை எடை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கும்போது, எண்ணை மாற்றி அங்கேயே மறுபடி ஓட்டிக் காட்டலாம். எந்த ஹட்டி (படகர் ஊர்) வரைபடத்தில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது என்பதை எல்லோரும் பார்த்துவிடுவதால், எடையைத் தீர்மானித்தவர்கள் கணினியின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருப்பதில்லை.

சிக்கல் உயரத் தரவில் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்தின் ரேடார் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்னும் இலவச உயரத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். மூன்று, நான்கு சென்ட் மனைகளில் வீடுகள் நெருங்கி நிற்கும் குன்னூர் போன்ற ஊர்களில், ஐந்தாறு வீடுகளும் அவற்றுக்காகச் செங்குத்தாக வெட்டிய மண்முகமும் ஒரே எண்ணில் கரைந்துவிடுகின்றன. கனமழையில் பெயர்ந்து விழக்கூடியதோ அந்த வெட்டுமுகம். போதாக்குறைக்கு, அந்த ரேடார் அடர்ந்த மரங்களை ஊடுருவித் தரையை முழுமையாகத் தொடாததால், மரங்களின் உயரமும் தரையின் உயரத்தோடு சேர்ந்துவிட, கற்பூரமரத் (யூகலிப்டஸ்) தோப்பு முடிந்து தேயிலை தொடங்கும் எல்லையில் இல்லாத ஒரு சரிவு முளைத்துவிடுகிறது.

மென்பொருளின் மேல் எனக்குள்ள குறையும் இதை ஒட்டியதே. 30 மீட்டர் கட்டத்தை 5 மீட்டராக மாற்றச் சொன்னால், ஒரு வார்த்தை எச்சரிக்காமல் மாற்றித் தருகிறது. படம் வழவழப்பாகிறதே தவிர, புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை. அந்த வழவழப்பை நம்பி அதன் மேல் சர்வே எண் எல்லைகளைப் பொருத்துவது ஆபத்தானது.

சிறு எரிச்சல் ஒன்று: வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்னும் கோப்பு வடிவத்தில் புலப் பெயருக்கு (அட்டவணைப் பத்தியின் தலைப்புக்கு) பத்து பைட்டுதான் இடம்; தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால், மூன்று குறியீடுகளுக்கு மேல் நுழையாது. ஜியோபேக்கேஜ் என்னும் வேறொரு கோப்பு வடிவத்தில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. வட்ட அளவில் சாலை, குடியிருப்பு விரிவாக்கம் பற்றி விவாதிக்க இந்த மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு தனி மனைக்கு அனுமதி தருவதற்கோ மறுப்பதற்கோ இந்த வரைபடத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் ஏற்கமாட்டேன். அங்கே புவியியலாளர் நேரில் போய் வெட்டுமுகத்தையும் நீர் வடியும் வழியையும் பார்த்தாக வேண்டும்.