மியாட்டாவா, ஜிஆர்86-ஆ? சாவி கைக்கு வந்த பிறகு தெரிவது

கலிஃபோர்னியாவில் 30,000 டாலரை ஒட்டிய விலையில், பின்சக்கர ஓட்டமும் மேனுவல் கியரும் உள்ள புது ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று இறங்கினால், வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நிற்பவை இரண்டு: மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, டொயோட்டா ஜிஆர்86. சுபாரு பிஆர்இசட்டைத் தனியாக எண்ண வேண்டியதில்லை. அது ஜிஆர்86-இன் உடன்பிறப்பு. இரண்டும் சுபாருவின் ஒரே ஆலையிலிருந்து வருபவை, சஸ்பென்ஷன் டியூனிங்கிலும் முகத்திலும்தான் வேறுபாடு. (இந்தியாவில் இந்த மூன்றையுமே ஷோரூமில் பார்க்க முடியாது. ஊரிலிருந்து கேட்பவர்கள் மன்னிக்கவும்.)

எங்கள் வீட்டில் நிற்பது ஜிஆர்86. மச்சினன் வீட்டில் மியாட்டா, துணிக்கூரை போட்ட சாஃப்ட் டாப். ஒரே ஊர் என்பதால் வார இறுதிகளில் சாவி கைமாறிக்கொண்டே இருக்கும். சேல்ஸ்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு சிக்னல் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் டிரைவில் பிடிபடாத சில விஷயங்கள் இப்படி மாற்றி மாற்றி ஓட்டியதில் பிடிபட்டன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எண்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மியாட்டாவுக்கு 2.0 லிட்டர் எஞ்சின், 181 குதிரைத்திறன், எடை சுமார் 1,070 கிலோ. ஜிஆர்86-க்கு 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை), 228 குதிரைத்திறன், எடை சுமார் 1,275 கிலோ. இரண்டிலும் டர்போ கிடையாது, இரண்டும் 7,500 ஆர்பிஎம் வரை சுற்றும், இரண்டிலும் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் உண்டு. குதிரைத்திறனை எடையால் வகுத்தால் ஜிஆர்86 கொஞ்சம் முந்துகிறது. அந்தக் கொஞ்சம் 280 ஃப்ரீவேயில் ஏறும் ராம்ப்பில் நன்றாகவே தெரியும். ஏறி முடித்ததும் 65 மைல் வரம்பு வந்துவிடும், இரண்டு பேரும் ஒரே லேனில் ஒரே லாரிக்குப் பின்னால்தான் போக வேண்டும்.

வித்தியாசம் தெரிவது மலைப்பாதையில். சாரடோகாவிலிருந்து ஸ்கைலைன் பூலவார்டுக்கு ஏறும் ஹைவே 9 எங்கள் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த வழி. ரெட்வுட் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ஒற்றை லேன். அதில் மியாட்டா 30 மைல் வேகத்திலேயே வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே வண்டி வெளிப்பக்கம் சாயும். பழகாதவருக்கு முதல் வளைவில் வயிற்றைக் கலக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு சாய்வு எதற்கு என்று தோன்றும். மஸ்டா அதை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறது. பாரம் எந்தச் சக்கரத்தில் இறங்குகிறது, டயரில் இன்னும் எவ்வளவு பிடி மிச்சம் என்பதெல்லாம் அந்தச் சாய்விலேயே இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. 2022 மாடலிலிருந்து, வேகமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் லேசாக பிரேக் பிடித்து, வண்டியின் உடல் மேலெழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அது எப்போது வேலை செய்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை, அதுதான் அதன் சிறப்பு.

அதே வளைவை அதே 30 மைலில் ஜிஆர்86-இல் எடுத்தால் ஒன்றும் நடக்காது. சாயாது, முனகாது, சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும். பிரீமியம் மாடலில் வரும் 18 அங்குல மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 டயருக்கு அந்த வேகமெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஐம்பதைத் தாண்டி உள்ளே போனால்தான் முன்பக்கம் எவ்வளவு கூர்மை, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் எப்படித் திரும்ப உதவுகிறது என்பதெல்லாம் புரியும். அந்த வேகத்தில் போனால் எதிரே மூச்சிரைக்க ஏறிவரும் சைக்கிள்காரர், அவருக்குப் பின்னால் ஹைவே பாட்ரோல். ஆக, பொதுச்சாலையில் ஜிஆர்86 தன் திறமையில் பாதியை வெளியே எடுக்க வழியில்லாமல் ஓடுகிறது. மியாட்டா வேக வரம்புக்குள்ளேயே முக்கால்வாசியைக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டில் மற்ற எல்லாமே இதற்கு அடுத்தபடிதான் என்பது என் கட்சி.

இதற்கு டொயோட்டாவிடம் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் புது ஜிஆர்86 வாங்கினால் நாசாவில் ஓராண்டு உறுப்பினர் சேர்க்கையும், பயிற்றுநரோடு ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஒரு நாளும் இலவசம். ராக்கெட் விடும் நாசா அல்ல, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காரருக்கு சோனோமா, தண்டர்ஹில், லகூனா சேகா ஆகிய டிராக்குகள் மூன்றுமே காரில் போய்வரும் தூரம்தான். டிராக்கில் இந்தக் காரின் கூரை ஒரு பெரிய சௌகரியம். மியாட்டாவைக் கொண்டுபோனால் பெரும்பாலான அமைப்பாளர்கள், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றும் ரோல் பார் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். 2018 வரை மஸ்டாவின் பெயரையே சுமந்துகொண்டிருந்த டிராக் லகூனா சேகா என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். ஜிஆர்86 பக்கமும் ஒரு எச்சரிக்கை: பிடி அதிகமுள்ள டயர் போட்டு நீளமான வலதுபக்க வளைவுகளில் அழுத்தி ஓட்டினால் ஆயில் பிரஷர் இறங்குகிறது என்ற பேச்சு டிராக்குக்குப் போகிறவர்கள் வட்டாரத்தில் உண்டு. மாதாமாதம் டிராக் போகிற உத்தேசம் இருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

கியர் மாற்றும் சுகத்தில் போட்டியே இல்லை. மியாட்டாவின் கியர் லீவர் குட்டையானது. முழங்கை அசையாமல் மணிக்கட்டாலேயே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போய்விடலாம், விழும் இடத்தில் சின்னதாக ஒரு சொடக்கு. கிளட்சும் லேசு. என் வண்டியின் பழக்கத்தில் நான் ஓங்கி மிதித்தபோது மச்சினன் பக்கத்திலிருந்து பதறினான்: "அத்தான், சும்மா தொட்டாப் போதும், பிடுங்கி எடுத்துராதீங்க!" ஜிஆர்86-இன் கியரும் மோசமில்லை. ஆனால் குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் அது கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் சூடேறும்வரை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

புது வண்டிக்கே உரிய ஒரு பத்தியம் இருக்கிறது. இந்த பாக்ஸர் எஞ்சினுக்கு முதல் 1,000 மைல் வரை 4,000 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம் என்கிறது சுபாரு. 7,500 வரை சுற்றும் எஞ்சினை வாங்கி வைத்துக்கொண்டு பாதியிலேயே கியர் மாற்றிக்கொண்டிருப்பது கொடுமைதான். ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. முந்தைய தலைமுறை 2.0 லிட்டர் எஞ்சின் நடு ஆர்பிஎம்மில் ஒரு இடத்தில் சோர்ந்து போகும், அதற்காகவே அந்தக் காரைத் திட்டியவர்கள் ஏராளம். இந்த 2.4 லிட்டரில் உச்ச டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பத்தியக் காலத்திலேயே அந்த இழுவை முழுசாகக் கிடைத்துவிடுவதால், நகரத்துக்குள் ஓட்ட இதுவே தாராளம் என்பது தெரிந்துவிடும். மியாட்டா இதில் நேர் எதிர். கீழே சாதுவாக இருக்கும், 5,000-க்கு மேல் உற்சாகம் ஏறிக்கொண்டே போகும். சத்தத்திலும் மியாட்டா நேர்மை. ஜிஆர்86 ஸ்பீக்கர் வழியாகக் கொஞ்சம் எஞ்சின் சத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது, மகனுக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்தால் கட்சி மாறிவிடும். மியாட்டாவில் இரண்டே சீட்டு, 130 லிட்டர் டிக்கி, டாஷ்போர்டில் கிளவ் பாக்ஸ் என்ற ஒன்றே கிடையாது. சாமான் வைக்க சீட்டுகளுக்கு நடுவே பின்னால் ஒரு சின்னப் பூட்டுப்பெட்டி, அதை எட்டுவதற்கு உடம்பை முறுக்க வேண்டும். கப் ஹோல்டரும் முழங்கைக்குப் பின்னால்தான். ஓட்டிக்கொண்டே காபி குடிப்பதை மஸ்டா விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போதாததற்கு, அமெரிக்காவில் விற்கும் இடதுபக்க ஸ்டியரிங் வண்டியில் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில் இடப்பக்கமாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். முதல்முறை உட்கார்ந்ததும் என் மனைவி கேட்டது: "ஏங்க, இடது காலை எங்க வைக்கறது?" தம்பி வண்டி என்பதால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இண்டியன் ஸ்டோரில் 20 பவுண்டு அரிசி மூட்டையை டிக்கியில் படுக்கவைத்தால் காய்கறிப் பைகள் அவள் மடிக்கு வந்துவிடும்.

ஜிஆர்86-இன் டிக்கியும் 177 லிட்டர்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பின்சீட்டு இருக்கிறது. பெரியவர்கள் உட்கார அது லாயக்கில்லை. எட்டு வயதுப் பையன், அவன் பள்ளிக்கூடப் பை, முன்சீட்டை நகர்த்திக் கொடுக்கும் மனசுள்ள அம்மா, இவ்வளவும் சேர்ந்தால் சரியாக வரும். கலிஃபோர்னியாவில் எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பின்சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும் என்பது சட்டம். பின்சீட்டே இல்லாத வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் சட்டம் விட்டாலும் வீட்டில் விடமாட்டார்கள். 101 ஃப்ரீவேயில் ஆபீஸ் நேர நெரிசலுக்கு இன்னொரு உபகாரம்: முன்னே போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐசைட் அமைப்பு 2024 மாடலிலிருந்து மேனுவல் கியரிலும் வருகிறது.

இத்தனைக்கும் ஈடாக மியாட்டாவிடம் ஒன்று உண்டு, கூரை. சிக்னலில் நிற்கும்போது நடுவிலுள்ள ஒரே கொக்கியை விடுவித்து, ஒற்றைக் கையால் பின்னால் தள்ளி அழுத்தினால் குடை மடங்குகிற மாதிரி மடங்கிச் சொடக்கென்று உட்கார்ந்துவிடும். மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது, விளக்கு பச்சைக்கு மாறுவதற்குள் வேலை முடிந்துவிடும். சாயங்காலப் பனிமூட்டம் ஸ்கைலைனில் இறங்கும் நேரத்தில் காலுக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தலைக்குமேல் திறந்து வைத்து ஓட்டினால், 25 மைல் வேகமே போதும் என்று ஆகிவிடும். இதற்கு விலை ஃப்ரீவேயில். 70 மைலில் கூரையை மூடியிருந்தாலும் காற்று இரைச்சலில் போன் பேச முடியாது. மடங்கும் கெட்டிக்கூரை உள்ள ஆர்எஃப் மாடல் இருக்கிறது. அழகு, ஆனால் விலையும் எடையும் கூட, திறந்தாலும் பாதிதான் திறந்த உணர்வு. நான் சாஃப்ட் டாப் கட்சி.

பெட்ரோல் கணக்கில் மியாட்டா சுலபமாக ஜெயிக்கிறது. அமெரிக்க அரசின் கணக்குப்படி மேனுவலுக்கு சராசரி கேலனுக்கு 29 மைல். ஜிஆர்86 மேனுவலுக்கு 22.

இந்த விலையில் ஃபோர்டு மஸ்டாங் எகோபூஸ்ட் கிடைக்குமே என்று நண்பர்கள் கேட்பார்கள். 315 குதிரைத்திறன், இரண்டு பெட்டி தாராளமாகப் போகும் டிக்கி, சராசரி மைலேஜும் ஜிஆர்86-ஐவிட மேல். லாஸ் ஏஞ்சலஸுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் அதை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் 2024 மாடலாக வந்த புதுத் தலைமுறையில் எகோபூஸ்ட்டுக்கு மேனுவல் கியர் கிடையாது, எடையும் 1,600 கிலோவைத் தாண்டும். ஹைவே 9-இல் அந்த அகலத்தை வைத்துக்கொண்டு லேனுக்குள் இருப்பதே ஒரு வேலை.

வீட்டில் ஏற்கெனவே கேம்ரி, சியன்னா மாதிரி ஒரு குடும்பக் கார் நின்றால் மியாட்டா வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். ஸ்போர்ட் மாடலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்எஸ்டி: ஒரு பின்சக்கரம் பிடி இழந்தாலும் மற்றதற்கு இழுவை போகவைக்கும் ஏற்பாடு) இல்லை, மேனுவல் கிளப் மாடலில் உண்டு. அதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் மலைப்பாதையில் திரும்பக் கிடைக்கும். இந்தக் கார்தான் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்றால் ஜிஆர்86. அதிலும் பிரீமியம் மாடலைவிட அடிப்படை மாடலைப் பாருங்கள் என்பேன். அதற்கு வருவது 17 அங்குல மிஷெலின் பிரைமசி, ஸ்போர்ட்ஸ் காருக்கென்று செய்த டயரே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: பிடி குறைவு என்பதால், காலி பார்க்கிங் லாட்டில் கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸில் 40 மைலிலேயே பின்பக்கம் அசையத் தொடங்கும், மியாட்டா கொடுக்கும் ருசியில் பாதி இங்கேயே கிடைத்துவிடும். எல்எஸ்டி இதில் எல்லா மாடலிலும் உண்டு. மிச்சமாகும் பணத்தில் டிராக்குக்கென்று நல்ல டயர் மாட்டிய நாலு சக்கரம் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்சீட்டை மடித்தால் நாலும் உள்ளே போகும்.