அட்டவணையா, படஅட்டையா, சொந்த நாளா? ஆங்கில நிகழ்காலம் கற்பிக்கும் மூன்று வழிகள்

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் ‘சிம்பிள் பிரசென்ட்’ எனப்படும் நிகழ்காலத்திலிருந்தே தொடங்குகிறார்கள். காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை அன்றாடம் நடப்பதைச் சொல்ல இந்த ஒரு காலமே போதும் என்பதால் அது எளிதாகவும் தோன்றுகிறது. இதைக் கற்பிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: அட்டவணையை மனப்பாடம் செய்விப்பது, படஅட்டைகளைக் காட்டி வாக்கியங்களைச் சொல்லவைப்பது, பிள்ளை தன் நாளைத் தானே சொல்லும்படி செய்வது. மூன்றையும் என் மாலை வகுப்பில் கையாண்டு பார்த்தபின் எழுதும் அலசல் இது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் தமிழில் அன்றாட வழக்கத்தைச் சொல்லும்போது நிகழ்காலத்தைவிட எதிர்கால வினையையே மிகுதியாகப் பயன்படுத்துகிறோம். ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுவேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்’ என்று பேசும் பிள்ளை, ஆங்கிலத்தில் ‘ஐ வில் வேக் அப் எவ்ரி டே’ என்று சொல்வது கவனக்குறைவால் அன்று. தாய்மொழியில் சரியாக இருப்பதை அப்படியே கொண்டுவருகிறது. ‘போகிறேன்’ என்ற ஒரே சொல் இப்போது போவதையும் நாள்தோறும் போவதையும் குறிப்பதால், ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி’ என்ற வாக்கியமும் இதே வழியில் பிறக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அம்மொழிகளிலும் வழக்கத்தையும் எதிர்காலத்தையும் ஒரே வினைவடிவம் குறிக்கிறது. இதற்கு மேல் ‘ஹி, ஷி, இட்’ வரும்போது வினையோடு ஒட்டும் ‘ஸ்’ இருக்கிறது. பெயர்ச்சொல்லில் பன்மையைக் காட்டும் அதே ஒலி வினையில் ஒருமைக்கு வருவதால், ‘தி கவ்ஸ் ஈட்’, ‘தி கவ் ஈட்ஸ்’ என்ற இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளை குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு.

அட்டவணை வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் அறையில், ஒரு சுண்ணக்கட்டியை மட்டும் வைத்து அரை மணி நேரத்தில் முழு அமைப்பையும் காட்டிவிட முடிவது இதில்தான். ஆனால் ‘ஐ கோ, வி கோ, யூ கோ, தே கோ, ஹி கோஸ்’ என்று பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல முழங்கிய பிள்ளையிடம் அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று கேட்டால், தயங்காமல் ‘மை ஃபாதர் கோ டு ஓசூர்’ என்கிறது. அட்டவணையில் ‘ஹி’ இருக்கிறது, அப்பா இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 3 குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்து அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்கப்பட்ட 14 இலக்கணக் கூறுகள் குழந்தைகளுக்குக் கைவந்த வரிசையில் ‘கோயிங்’ போன்ற சொற்களில் வரும் ‘இங்’ முதலாவதாகவும் இந்த ‘ஸ்’ பத்தாவதாகவும் வந்தன. அவர்களுக்கே தாமதமாக வரும் ஒன்றை நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

படஅட்டைகள் சொற்களைக் கற்பிக்க நல்லவை. கூச்சமுள்ள பிள்ளைகூடப் படத்தைப் பார்த்து வாய் திறக்கும். குறை என்னவென்றால், அட்டையில் இருக்கும் சிறுவன் கட்டிலில் எழுந்து, வாஷ்பேசினில் பல் துலக்கி, மேசையில் ரொட்டி தின்று, மஞ்சள் வேனில் பள்ளிக்குப் போகிறான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபின், எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் காலை உணவு பள்ளியில்தான் கிடைக்கிறது. ‘வி ஈட் பிரேக்ஃபாஸ்ட் அட் ஸ்கூல்’ என்ற உண்மையான வாக்கியம் எந்த அட்டையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, அட்டைகளில் எல்லாமே ‘ஐ’யில் தொடங்குவது. ‘ஐ’க்கு ‘ஸ்’ தேவையில்லை. ஆகவே கடினமான இடத்தைத் தொடாமலே பாடம் முடிந்து, பிள்ளைக்கு எல்லாம் வந்துவிட்டது என்ற எண்ணத்தை ஆசிரியருக்குக் கொடுத்துவிடுகிறது. கைபேசியில் ஓடும் பாட்டுக் காணொளிகளும் அசையும் அட்டைகள்தாம். அவற்றைத் தனி வழியாக எண்ண வேண்டியதில்லை.

சொந்த நாளைச் சொல்லவைக்கும் வழியில் முதல் இரண்டு நாட்கள் ஆளுக்கு ஐந்து வாக்கியங்கள் ‘ஐ’யில் சொல்கிறார்கள். மூன்றாம் நாள்தான் உண்மையான பாடம். ஒருவர் மற்றவரிடம் ‘வாட் டைம் டூ யூ வேக் அப்?’ என்று கேட்டு, கிடைத்த விடையை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் வீட்டில் ஒருவரைக் கவனித்துவர வேண்டும்: ‘மை மதர் மில்க்ஸ் தி கவ்’, ‘மை ஃபாதர் கட்ஸ் மல்பெரி லீவ்ஸ்’, ‘மை கிராண்ட்மதர் மேக்ஸ் களி’. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு மல்பெரித் தழை வெட்டுவது அன்றாடம் பார்க்கும் வேலை என்பதால், ‘எவ்ரி டே’ என்பதற்கு நான் பொருள் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ‘ஸ்’ விதியாக வருவதில்லை, இன்னொருவரைப் பற்றிப் பேச வேண்டிய தேவையாக வருகிறது.

இந்த வழிக்கும் விலை உண்டு. அட்டவணை அரை மணியில் முடிப்பதற்கு இது இரண்டு வாரம் எடுக்கிறது, அறையில் இரைச்சல் மிகுகிறது, தீவனத்துக்கும் சாணம் அள்ளுவதற்கும் பிள்ளைகள் ஆங்கிலச் சொல் கேட்கும்போது ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பெற்றோர் வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் பலர். ‘அம்மா காலையில் என்ன செய்கிறாள்’ என்று ஒருமுறை பொதுவில் கேட்டு ஒரு சிறுமியை அழவைத்தவன் நான். அதன்பின் ‘வீட்டில் உள்ள யாராவது ஒருவர், அல்லது ஓர் ஆடு, மாடு, கோழி’ என்று மட்டுமே சொல்கிறேன். ‘தி ஹென் வேக்ஸ் அப் பிஃபோர் மீ’ என்ற வாக்கியம் அப்படித்தான் கிடைத்தது.

ஆகவே என் தேர்வு மூன்றாவது வழி; அட்டவணையை நான் தூக்கி எறியவில்லை, அதன் இடத்தை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகள் முப்பது, நாற்பது வாக்கியங்களைச் சொல்லி முடித்தபின் அவற்றைக் கரும்பலகையில் இரு பக்கமாகப் பிரித்தெழுதி, எந்தப் பக்கத்தில் ‘ஸ்’ இருக்கிறது, ஏன் என்று அவர்களையே கேட்கிறேன். அதற்கடுத்த வாரம் ‘டஸ் யுவர் ஃபாதர் கோஸ் டு ஓசூர்?’ என்று ‘ஸ்’ இரண்டு இடத்தில் வந்து நிற்கும். அப்போது ‘கோஸ்’ (goes) என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளை அழித்து, ‘டஸ்’ (does) என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு அடியில் கோடு போட்டுக் காட்டினால் போதும். அது எங்கே இடம்பெயர்ந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.