தனிச்சின்னமா, பெரிய கட்சிக்குள்ளேயா?

அமெரிக்காவில் ஆளும் தலைவரை எதிர்ப்பவர் சிறு கட்சியின் தனிச்சின்னத்தில் நிற்பதா, பெரிய கட்சிக்குள்ளேயே மோதுவதா? இரண்டுக்கும் ஓர் உதாரணம் பார்ப்போம். நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்கு 2010, 2014, 2018 என மூன்று முறை பசுமைக் கட்சி என்ற சிறு கட்சி சார்பில் நின்றவர் ஹோவி ஹாக்கின்ஸ். சிரக்யூஸ் நகரில் இரவுப் பணியில் லாரியிலிருந்து பார்சல் இறக்கிய தொழிலாளி. (அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி.)

2014-ல் ஹாக்கின்ஸ் எதிர்த்து நின்ற அதே ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் செஃபிர் டீச்அவுட் வேறு வழியில் போனார். கியூமோவின் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில் மோதினார்.

கணக்கைப் பாருங்கள்: டீச்அவுட்டுக்கு சுமார் 1.92 லட்சம் வாக்குகள், ஹாக்கின்ஸுக்குப் பொதுத்தேர்தலில் சுமார் 1.84 லட்சம். எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம்தான். ஆனால் பிரைமரியில் வாக்களிக்க வந்தவர்கள் குறைவு என்பதால் டீச்அவுட்டுடையது 34 சதவீதம், ஹாக்கின்ஸுடையது 5 கூட இல்லை. தலைப்புச் செய்தி யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் டீச்அவுட்டின் ஆட்டம் செப்டம்பரிலேயே முடிந்தது; ஹாக்கின்ஸ் நவம்பர்வரை களத்தில் நின்றார். 2010 முதல் ஒவ்வொரு முறையும் 50,000 வாக்குகளைத் தாண்டியதால் கட்சிக்கு அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு வாக்குச்சீட்டில் உறுதியான இடமும் வாங்கித் தந்தார். சத்தம் வேண்டுமென்றால் டீச்அவுட் வழி. என் ஓட்டு ஹாக்கின்ஸ் வழிக்கே. ஆனால், 2020-ல் விதியைக் கடுமையாக்கியதில் அந்த இடமும் பறிபோனது.