அப்பாவுக்கு வந்தது என்ன வருத்தம்? யாழ்ப்பாணத்தில் விசாரித்த கதை

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். உடல்நலச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். பிறெஷர், கொலஸ்ரோல் பார்த்துவிட்டு, பெற்றோர் சகோதரங்களில் யாருக்காவது 60 வயதுக்கு முன்னர் மாரடைப்பு வந்ததா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது, 1995 இடப்பெயர்வுக் காலத்தில் அப்பா திடீரென்று விழுந்து போய்விட்டார் என்பது மட்டும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இந்த முறை ஊருக்குப் போனபோது இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன்.

இறப்புப் பத்திரத்தின் பிரதி எடுப்பது நான் பயந்த அளவு சிரமமில்லை. மரணம் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பிச் சிறு கட்டணம் கட்டினால், பெயரையும் இடத்தையும் திகதியையும் வைத்துத் தேடித் தருகிறார்கள். வயது 57 என்று இருந்தது. காரணம், மாரடைப்பு. ஆனால் வீட்டில் நடக்கும் சாவுகளைக் கிராம சேவகரின் அறிக்கையை வைத்துப் பதிவார்கள். அந்தக் கலவரத்தில் டொக்டர் யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. வீட்டார் சொன்னதுதான் காரணமாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

மாமி பத்திரத்தை வாசித்துவிட்டுத் தலையாட்டினா. "நெஞ்சு நோகுதெண்டு அவன் சொல்லவே இல்லை மோனை. முதல்நாள் விடியத் தேத்தண்ணிக் கோப்பை வலக்கையில நிக்கேல்லை. வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு. கதை கொழகொழத்துது. பின்னேரம் அறிவில்லை." இதைவிடத் தெளிவாக ஒரு பாரிசவாதத்தை, அதாவது பக்கவாதத்தை, எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. அப்பப்பாவுக்கும் அப்படித்தான் ஒரு பக்கம் இழுத்ததாம், ஆனால் எண்பது தாண்டி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 2010இல் வெளியான அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், தாய் தகப்பனில் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதனால்தான் வயதைத் தேடி இவ்வளவு அலைச்சல்.

அதோடு இன்னொன்றும் மாமி சொன்னா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அப்பாவின் பிறெஷர் குளிசை முடிகிற நிலை. பொருளாதாரத் தடைக்காலம், மருந்துக்கு அலைந்தும் கிடைக்கவில்லை. சுருட்டையும் விடவில்லை. இதில் பரம்பரை எவ்வளவு, யுத்தம் எவ்வளவு, புகையிலை எவ்வளவு என்று இனிப் பிரித்தெடுக்க ஏலாது.

சித்தப்பாவின் மகனுக்கு 38 வயது. அவனைப் பிடித்திழுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரருக்குப் போனேன். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2011இல் இருந்து நாடு முழுக்க உருவாக்கப்பட்டவை இவை. எடை, உயரம், பிறெஷர், சீனி எல்லாம் இலவசம், நல்ல மரியாதை. வாங்கில் இருந்தவர்களில் அநேகம் பேர் பெண்கள். எங்கள் ஆம்பிளைகள் விழுந்தால்தான் வருவார்கள் போல. ஆபத்தைக் கணக்கிட அங்கே வைத்திருந்தது உலக சுகாதார நிறுவனத்தின் வண்ண அட்டவணை. வயது, பால், புகைத்தல், பிறெஷர், நீரிழிவு, கொலஸ்ரோல் ஆகியவற்றை வைத்து நிறம் சொல்லும்; குடும்ப வரலாற்றுக்கு அதில் இடமே இல்லை. தம்பிக்குப் பச்சை. நாங்களாக வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் டொக்டர் கொலஸ்ரோல் முழுதாகப் பார்க்கச் சொன்னார். ஆகவே போகிறவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் அந்த இரத்தப் பரிசோதனையோடு கழுத்து நாடி ஸ்கான் உட்பட ஒரு 'முழு உடம்புப் பக்கேஜ்' விற்கப் பார்த்தார்கள். வெளிநாட்டு முகம் கண்டால் வருகிற அன்பு. மாலையில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்த்த டொக்டர், அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு அந்த ஸ்கான் தேவையில்லை என்றார். அதற்குப் பதிலாக ஒரு துண்டில் சதுரமும் வட்டமுமாகக் குடும்பத்தைக் கீறி, ஒவ்வொன்றின் கீழும் வயதைக் கேட்டு எழுதினார். என் பிறெஷரை வீட்டிலும் கிரமமாக அளக்கச் சொன்னார். பரம்பரையை மாற்றேலாது, பிறெஷரை மாற்றலாம், அது உங்கட கையில என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. மாமி வீட்டில் எல்லோருக்கும் நம்பர் தெரியும், ஆனால் வாய் கோணினால் 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்பார்கள். மூளை நாடியை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது, அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்று மச்சாளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

டொக்டர் கீறிய துண்டைப் படமெடுத்து, அப்பாவின் வயதையும் வருத்தத்தையும் எழுதி, சகோதரங்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலைந்து கட்டைவிரல் வந்தது. ரொறன்ரோ அண்ணா மட்டும் அடுத்தநாளே பிறெஷர் அளந்து, 158 என்று மெஷினைப் படமெடுத்துப் போட்டிருந்தார்.