புரோட்டீன் பவுடரா, மீன் கறியா? எடை குறைப்பு சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு கணக்கு

எடை குறைப்பு சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது டயட்டீஷியன் ஒரு தாள் தந்து அனுப்புவார். அதில் ஒரு எண் தவறாமல் இருக்கும்: நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். சிலருக்கு 80 வரை போகும். கூடவே ஒன்றரை லீட்டருக்குக் குறையாமல் திரவம். இந்த இரண்டையும், நாலைந்து மேசைக்கரண்டியிலேயே நிரம்பிவிடுகிற இரைப்பைக்குள் அனுப்பவேண்டும்.

அந்த 60 கிராமை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எங்களைப் போன்றவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறோம். ஒரு பக்கம் வே புரோட்டீன் டப்பா, அதாவது பாலிலிருந்து எடுத்த புரதப் பவுடர். மறுபக்கம் வீட்டு மீன், முட்டை, தயிர், பருப்பு. நான் இரண்டாவது கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நடுநிலை அவ்வளவாக இருக்காது.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பைபாஸ் அப்படியல்ல. அதில் சின்னப் பை ஒன்றை அமைத்து நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள். அதனால் இனிப்பான பானம் குடித்தால் அரை மணி நேரத்துக்குள்ளேயே வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் என்று ஆட்டிவைக்கலாம். புரோட்டீன் ஷேக் வாங்கும்போது அவர்கள் சீனியின் அளவைப் பார்த்தே ஆகவேண்டும். அதற்கு மேல் பைபாஸ்காரர்களுக்கு என் அனுபவத்தை வைத்துப் புத்தி சொல்ல மாட்டேன்.

சரி, பவுடர் எங்கே ஜெயிக்கிறது? ஆரம்ப வாரங்களில். அங்கே போட்டியே கிடையாது. முதலில் தெளிந்த திரவம், பிறகு பாலும் சூப்பும், அப்புறம் மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாக ஏறி, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். அந்தக் காலத்தில் மீன் துண்டைப் பார்த்து ஏங்கலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. ஒரு கரண்டி பவுடரில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. அதைக் கரைத்த தண்ணீரும் நாளின் நீர்க்கணக்கில் சேர்கிறது. கொழும்பு வெயிலில் அது சின்ன விடயமில்லை. கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கட்டி கட்டியாகத் திரளும். ஆறிய நீரில் கரைத்துவிட்டு வேண்டுமானால் வெதுவெதுப்பாக்குங்கள்.

விலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, இறக்குமதியாகும் எந்த டப்பாவும் நெஞ்சை அடைக்கும் விலைதான். அதற்காக மீன் எல்லாம் மலிவு என்றும் சொல்ல வரவில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை என்று பார்த்தால் அறுக்குளா மீன், பவுடருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பவுடரைத் தெளிவாக வெல்வது முட்டையும் சாளையும்தான்.

என்னை மீன் பக்கம் சாய்த்தது விலை அல்ல. சாப்பிட்டது எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதுதான். இந்த ஒபரேஷனின் பலமே இரைப்பை சின்னதாக இருப்பதில் இருக்கிறது. கெட்டியான சாப்பாடு அந்தச் சின்ன இடத்தை நிரப்பி மெல்ல மெல்ல இறங்கும். அதுவரை பசி அடங்கிக் கிடக்கும். திரவத்துக்கு அந்தத் தடை கிடையாது, வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விடும். காலை ஏழரைக்கு ஷேக் குடித்துவிட்டு அலுவலகம் போனால், பத்து மணிக்கு கன்டீன் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற ரோல்ஸும் பற்றிஸும் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதே 20 கிராம் புரதத்தை ஓர் அவித்த முட்டையும் 60 கிராம் மீனுமாக வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் மென்று சாப்பிட்டால் மதியம் வரை அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பவே தோன்றாது. எண்ணளவில் இரண்டும் ஒரே புரதம். பசி தாங்குவதில் ஷேக் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இங்கே நம் சமையல் நமக்கே எதிராக நிற்கிறது. இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, சோற்றைக் குழம்பில் குழைத்து, நடுநடுவே தண்ணீரும் குடித்துப் பழகியவர்கள் நாம். அப்படிச் சாப்பிட்டால் மீனும் ஷேக் மாதிரியே வழிந்து போய்விடும், பிறகு மீனுக்கு என்ன பெருமை? சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் இல்லை. தாளில் இருக்கிற விதிகளிலேயே எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். கோலா, பியர் இரண்டையும் மறந்தது இதற்கு முன் ஒன்றுமேயில்லை. மாமி இன்றைக்கும் சொதிச் சட்டியோடு வந்து நிற்பார். "பிள்ளை, விக்கப் போகுது. ஒரு கரண்டி விடட்டே?" வேண்டாம் மாமி என்றால் முகம் வாடிவிடும். அவருக்காகச் சொதியைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கிறேன். அதுவும் நீர்க்கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அதற்காக வறண்ட மீனும் உதவாது. சூரையின் தடித்த துண்டு, நன்றாக வற்றவைத்த அம்புல் தியல் (புளிப்பான சிங்கள மீன் கறி), கோழி நெஞ்சுக்கறி எல்லாம் மென்று விழுங்கினாலும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு நிற்கும். வாயில் நுரையாக எச்சில் ஊறும். அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஈரம் இருக்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. முள் எடுத்த சாளை கட்டிக் குழம்பில், ஆவியில் வேகவைத்த பாரை, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மசித்த டின் மீன் இவையெல்லாம் நல்லாகவே இறங்கும். டின் மீனில் முள்ளும் மென்மையாக வெந்திருப்பதால் அதோடு கல்சியமும் கொஞ்சம் கிடைக்கும். முதலில் மீன், பிறகு மரக்கறி. இடம் மிஞ்சினால் இடியப்பம். பெரும்பாலும் மிஞ்சாது.

மீன் கட்சிக்காரி என்றாலும் கணக்கு கணக்குதான். காலையில் முட்டையும் மீனுமாக 20, மதியம் மீன் 14, பின்னேரம் அரைக் கோப்பைத் தயிரில் 5, இரவு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பருப்பில் 4 என்று கூட்டினால் 45ஐத் தொடுவதே பாடு. மீதிக்கு, தயிரில் ஆடை நீக்கிய பால்மா கலக்கலாம். அதுவும் போதாத நாளில் பின்னேரம் அரைக் கிளாஸ் ஷேக். ஆகவே எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு டப்பா இருக்கத்தான் செய்கிறது. சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, சாப்பாட்டின் இடைவெளியில்.

மரக்கறிக்காரருக்கு இந்த அலசல் தலைகீழாகும். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம்தான். அந்த 100 கிராமோடு வயிறும் நிரம்பிவிடும். சோயா மீற் நல்ல புரதம், ஆனால் சவ்வு மாதிரி இழுபடும். மிக்சியில் அரைத்துச் சமைத்தால்தான் இறங்கும். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி ஆறு நாளும் நானும் பவுடரைத்தான் நம்புகிறேன். வருடம் முழுக்க மரக்கறி என்றால் டப்பாதான் உங்கள் கட்சி, அதில் எனக்குச் சண்டை இல்லை. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு ஊதினால் ஐசோலேட் என்ற, இன்னும் சுத்திகரித்த வே வகையைப் பாருங்கள், அதில் பால்ச் சர்க்கரையான லக்டோஸ் குறைவு.

பவுடர் டப்பாவின் பின்புறத்தில் விற்றமின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மீனும் சரி, பவுடரும் சரி, பி12, இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு ஈடாகாது. அவை வாழ்நாள் விடயம். இரும்பையும் கல்சியத்தையும் இரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளி விழுங்கவேண்டும். இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் தேயிலையே அதை உடம்பில் சேரவிடாது. இந்த ஊரில் அதைச் சொல்லாமல் விட முடியாது.

பவுடர் வாங்குவதென்றால் ஒபரேஷனுக்கு முன்பே பெரிய டப்பாவாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பிறகு நாக்கு மாறிவிடும். முன்பு பிடித்த சொக்லட் சுவை குமட்டலாம். சின்னப் பக்கற்றாக எடுத்துப் பாருங்கள். சுவை சேர்க்காத வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பருப்பை இறக்கி, சூடு தணிந்த பிறகு அதில் கலந்தாலும் யாருக்கும் தெரியாது.