பச்சைப் புள்ளியை நம்பி 44,800 ரூபா போய்விட்டது: அப்பில் பங்கு விலை பார்க்கிறவர்கள் வாசியுங்கள்

செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்றைக்கு வியாழன். இரண்டு இரவு ஒழுங்கான நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் நானும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அந்த அப் கொம்பனி எதிர்பார்ப்பதும் அதைத்தான். இப்படி நடந்தால் என்ன செய்வது, எப்படித் தப்புவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆரையம்பதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2021இல் இருந்து கொழும்புப் பங்குச் சந்தையில் சின்ன அளவில் வாங்கி விற்கிறேன். 2022 ஜனவரியில் சந்தைச் சுட்டி (எல்லாப் பங்கு விலையையும் சேர்த்துக் காட்டுகிற எண்) 13,000ஐத் தாண்டினதையும் பார்த்தேன், அதே வருடம் ஏப்ரல் 18 தொடக்கம் ஒரு கிழமை சந்தையே பூட்டிக் கிடந்ததையும் பார்த்தேன். விலை இறங்கி நட்டப்பட்டபோது ஒருவரையும் குறை சொன்னதில்லை. அது என் முடிவு, என் நட்டம். இது அந்த மாதிரி இல்லை. காசு கட்டி வாங்கின சேவை என் கண்ணைக் கட்டிவிட்டது.

பெயர் போடவில்லை. அது நமக்காகச் சந்தையில் பங்கு வாங்கி விற்றுத் தருகிற புரோக்கர் கொம்பனி இல்லை. சந்தா கட்டினால் நேரடி விலை காட்டுகிற போன் அப்.

போன வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு மண்டபத்தில் இலவசக் கருத்தரங்கு வைத்தார்கள். டீயும் ரோல்ஸும் தந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டின ஒரு தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, என் போனைத் தன் கையில் வாங்கி, அப்பை இறக்கி, ஒரு பங்குக்கு விலை எச்சரிக்கை வைத்துத் திருப்பித் தந்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, என் உள்ளங்கைக்குள் போன் அடித்தது. "பாத்தீங்களா அண்ணன்? நீங்க வயலுக்குள்ள நிண்டாலும் பயமில்ல. குறிச்ச விலைக்குக் கீழ விழுந்தா அடிக்கும். எங்கட லைன் விழுந்தா இந்தப் பச்சைப் புள்ளி சிவப்பாகும், உடன மெசேஜும் வரும்." அந்த ஒரு அடியில்தான் நான் விழுந்தேன். அந்த இடத்திலேயே ஒரு வருடச் சந்தா 24,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

ஒரு கொம்பனியின் பங்கு 14,000 வைத்திருந்தேன், வாங்கின விலை 41.00. அதில் என் காசு மட்டும் இல்லை. மச்சான் சிறுபோக நெல் விற்று, பெரும்போக விதைப்புக்குத் திருப்பித் தரச் சொல்லித் தந்த இரண்டரை லட்சமும் அதில் கிடந்தது. அதனால் கவனமாகத்தான் இருந்தேன். 42.50க்கு எச்சரிக்கை வைத்திருந்தேன். அது அடித்தால் விற்றுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

செவ்வாய் காலை மச்சானோடு வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன், வயல் பார்க்க. ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. பத்தரைக்குப் பார்த்தேன், 43.60. பதினொன்றரைக்குப் பார்த்தேன், 43.60. பச்சைப் புள்ளி எரிகிறது. வாங்குகிறவர் வரிசையும் விற்கிறவர் வரிசையும் அப்படியே நிற்கின்றன. இந்தப் பங்கு சில நாளில் அரை மணித்தியாலம் கைமாறாமலும் கிடக்கும், ஆகவே சந்தேகம் வரவில்லை. "என்ன மச்சான், சும்மா போனையே பாத்திட்டிருக்காய்?" என்று மச்சான் கேட்டான். "உன்ட காசத்தான் பாக்கன், பத்திரமாக் கிடக்கு" என்றேன். அந்த வார்த்தை இப்பவும் காதுக்குள் நிற்கிறது.

ஒன்று பத்துக்கு மரத்துக்குக் கீழே இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி புரோக்கர் ஓபிசுக்குக் கோல் எடுத்தேன். விலை இவ்வளவு உறுதியாக நிற்கிறதே, 43.50க்கு இன்னும் ஆயிரம் வாங்குவோம் என்று. அங்கே இருக்கிற தங்கச்சி ஒரு கணம் பேசவில்லை. "அண்ணா, நீங்க எந்த விலையைச் சொல்றீங்க? 39.60 போகுது. காலையில காலாண்டுக் கணக்கு வந்தது, நட்டம் காட்டியிருக்காங்க. பாக்கலையா?" போனைக் காதில் இருந்து எடுத்துத் திரும்பவும் பார்த்தேன். 43.60. பச்சை.

இருந்ததை முழுக்க விற்கச் சொன்னேன். வாங்க ஆள் குறைவு, துண்டு துண்டாகத்தான் போனது. சராசரி 39.30. 42.50க்கும் 39.30க்கும் இடையில் பங்குக்கு 3.20. பதினாலாயிரம் பங்குக்கு 44,800 ரூபா. வாங்கவும் விற்கவும் தரகு, கட்டணம் என்று தலா 1.12 வீதம் போனது வேறு. அதை இதில் சேர்க்கவில்லை. பிறகு தங்கச்சி நேரம் பார்த்துச் சொன்னார்: 42.50ஐ அது தாண்டிக் கீழே போனது 11.20 அளவில். அந்த நேரம் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அடிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் காசு போனதை விடக் கூடக் கொதிக்கிறது.

ஒன்று ஐம்பதுக்கு அந்த அப் கொம்பனிக்குக் கோல் எடுத்தேன். பதினொரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருவர் வந்து, "சேர் எங்க இருந்து பேசுறீங்க? மட்டக்களப்பா? அங்க சிக்னல் பிரச்சினையா இருக்கும் சேர்" என்றார். காசு வாங்க மண்டபம் பிடித்து வந்த நேரம் மட்டக்களப்பில் சிக்னல் இருந்ததா? அதே போனில், அதே வயலில் நின்று, வீட்டில் இருந்து வந்த வட்ஸ்அப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காத்தான்குடியில் கடை வைத்திருக்கிற காக்கா (அண்ணன்) ஒருவரும் இதே அப்தான் பாவிக்கிறார், கடைக்கு ஃபைபர் லைன். அவருக்கும் 10.47க்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். அதை அவர்களுக்கும் அனுப்பினேன்.

அதைப் பார்த்த பிறகு கதை மாறியது. "சந்தைப் பக்கத்துல இருந்து தரவு வரல்ல சேர்." அந்த நேரம் முழுக்கச் சந்தை ஓடிக்கொண்டிருந்தது, என் பங்கையே அங்கேதான் விற்றேன். புதன் காலை "டெக்னிக்கல் டீம் பாக்குது". பின்னேரம் "மனேஜர் மீட்டிங்ல". இரவு ஒரு மின்னஞ்சல்: விலைகள் தகவலுக்காக மட்டும், தாமதம், தடங்கல், பிழை எதற்கும் பொறுப்பில்லை, நீங்கள் சம்மதித்த நிபந்தனைகளில் இருக்கிறது. அந்தச் சம்மதப் பட்டனை மண்டபத்தில் அந்தத் தம்பிதான் என் போனில் அமத்தினது. கடைசி வரியில், என்னுடைய பொறுமைக்கு நன்றியாகச் சந்தாவை மூன்று நாள் நீட்டித் தருகிறார்களாம். மூன்று நாளுக்கு 200 ரூபாவும் வராது. என்னுடையது 44,800 ரூபா.

என்ன நடந்திருக்கும் என்று மருமகன் விளங்கப்படுத்தினான், அவன் கம்ப்யூட்டர் படித்தவன். விலை சந்தையில் இருந்து அவர்களின் சேர்வருக்கு வரும், அங்கிருந்து நம் போனுக்கு வரும். பச்சைப் புள்ளி பார்ப்பது போனுக்கும் சேர்வருக்கும் இடையில் உள்ள தொடர்பை மட்டும்தானாம். சந்தைப் பக்கத்து வயர் அறுந்து கிடந்தாலும் சேர்வர் உயிரோடு இருக்கும், புள்ளி பச்சையாகவே இருக்கும், கடைசியாக வந்த விலை அப்படியே நிற்கும். எச்சரிக்கையும் அதே சேர்வரில்தான் ஓடுகிறது. புது விலை வராவிட்டால் அதற்கு ஒன்றும் விழுந்ததாகவே தெரியாது. அப்படி என்றால் அந்தத் தம்பி காட்டின சிவப்பு எதற்கு? நான் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

எப்படித் தப்புவது என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். அவசரமாக இவ்வளவுதான். உங்கள் பங்கின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், சந்தையின் மொத்தப் புரள்வை, அதாவது அன்றைக்கு அதுவரை கைமாறின மொத்தக் காசை, பாருங்கள். ஒன்பதரைக்கும் இரண்டரைக்கும் இடையில் அது சும்மா நிற்காது. இரண்டு நிமிடம் அசையாவிட்டால் அப் செத்துவிட்டது என்று எடுங்கள். உடனே பங்குச் சந்தையின் சொந்த இணையத்தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள், அதற்குக் காசு இல்லை, கொம்பனி அறிவித்தல்களும் அங்கே வரும். நான் ஒரு தரம் அதைத் திறந்திருந்தால் போதும். புரோக்கரின் நம்பரைப் போனில் முதலாவதாக வையுங்கள். எச்சரிக்கை மணியை நம்பி வயலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகாதீர்கள். ஒரு வருடக் காசை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். சம்மதப் பட்டனை வேறொருவர் அமத்த விடாதீர்கள். விலை உறைந்தால், நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அப்பை மூடித் திறந்தால் அது போய்விடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு நாளைக்குக் காலை கோல் எடுக்கிறேன். பற்றுச்சீட்டும் மின்னஞ்சலும் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. விற்ற காசு இன்றைக்குக் கணக்குக்கு வரும், அவனுடைய இரண்டரை லட்சத்தை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

செவ்வாய் 10.47க்குப் பிறகு உங்கள் அப்பிலும் விலை அசையாமல் நின்றதா? கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, எங்கே இருந்தாலும் சரி. ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்புங்கள். மேலே நேரம் தெரிய வேண்டும்.