பிஎல்டிசி ஃபேன்: நான்கு கோடைகளுக்குப் பிறகு

மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் பல்பைத்தான் பார்ப்பார்கள். எல்இடி வந்த பிறகு அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னை வீட்டில் வருடம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல் ஓடுவது சீலிங் ஃபேன். 2021-ல் ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு இரண்டு என்று மூன்று ஃபேன்களை பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வகைக்கு மாற்றினேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதுவரை பார்த்ததை எழுதுகிறேன்.

பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வரை இழுக்கும். இது 30 வாட் சுமாருக்குள் அதே காற்றைத் தருகிறது. பழைய மோட்டாரில் சுழலும் பகுதிக்கான காந்தப் புலத்தையும் மின்சாரம்தான் உண்டாக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். மணிக்கணக்கில் ஓடிய பழைய ஃபேனின் நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். பிஎல்டிசியில் நிரந்தரக் காந்தமே இருப்பதால் அந்த வீணடிப்பு பெருமளவு இல்லை.

பில்லுக்கு வருவோம். ஹால் ஃபேன் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது ஓடும். 45 வாட் மிச்சம் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். படுக்கையறை இரண்டையும் சேர்த்தால் 90 யூனிட் வரை வருகிறது. தமிழ்நாட்டில் இது வெறும் 90 யூனிட் கணக்கோடு நிற்பதில்லை. இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் கையை விட்டுப் போய்விடும். முன்பு கோடை பில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இப்போது பெரும்பாலும் கீழேயே நிற்கிறது.

ஆனால் நான் மாற்றியது பணத்துக்காக மட்டும் இல்லை. எண்ணூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, அங்கே மீன்பிடித்து வாழ்பவர்களின் பிழைப்பையே கெடுத்திருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல்தான். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் மூன்று ஃபேன்களால் வருடத்துக்கு 350 கிலோவுக்கு மேல் குறைகிறது. நம் வீட்டுக் காற்றுக்கு ஆற்றோரத்து மக்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

எதிர்பார்க்காத நன்மைகளும் கிடைத்தன. சாயங்காலம் வோல்டேஜ் குறையும்போது பழைய ஃபேன் சோர்ந்துபோய்ச் சுற்றும். இது வேகம் மாறாமல் ஓடுகிறது. இன்வெர்ட்டரில் மூன்றையும் நடு வேகத்தில் வைத்தால், முன்பு ஒரே ஃபேன் இழுத்த மின்சாரத்தைவிடக் குறைவாகவே போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாத முதல் இரவை ஓட்ட இதுதான் கைகொடுத்தது. ஏசியையும் இப்போது 26-க்குக் கீழே இறக்குவதில்லை. கூடவே ஃபேனை இரண்டாம் வேகத்தில் ஓடவிட்டால் அதுவே போதுமான குளிர்ச்சி. ஒரு டிகிரி கூட்டினால் ஏசி செலவில் 6 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

சரி, குறைகள். அம்மாவுக்கு இந்த ரிமோட் சமாச்சாரம் இன்னும் பிடிக்கவில்லை. "சுவத்துல திருகினா ஓடிட்டிருந்தது, இப்ப இதைத் தேடிட்டு உக்காரணுமா?" என்பார். நியாயமான கேள்விதான். சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்றும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரை வயரிங்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து ஓட்டினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு கெட வாய்ப்புண்டு.

பெரிய குறை அந்த போர்டுதான். மூன்றாம் வருடம் இடி மின்னலோடு மழை பெய்த ஒரு நாளில் ஹால் ஃபேன் நின்றுவிட்டது. பழைய ஃபேன் என்றால் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் கண்டென்சரை மாற்றி அரை மணியில் ஓட வைத்துவிடுவார். இதற்கு நிறுவனத்தின் போர்டே வேண்டும். வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. வாரன்டி இருந்ததால் காசு போகவில்லை. ஆனால் வாரன்டி முடிந்த பிறகு போர்டு கிடைக்காமல் போனால் நல்ல மோட்டாரையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதுதான். சுற்றுச்சூழலுக்காக என்று விற்கும் பொருளில் இது எனக்கு உறுத்துகிறது. உதிரி போர்டுகளை வெளிக்கடையிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைவிட வாரன்டி எத்தனை வருடம், உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சமையலறை ஃபேனை மட்டும் நான் மாற்றவில்லை. அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். வருடத்துக்கு 16 யூனிட் மிச்சத்துக்காக, நன்றாக ஓடும் ஒன்றைக் கழற்றி எறிவதில் அர்த்தமில்லை. அது உழைக்கும்வரை உழைக்கட்டும்.